தலை கவிழ்ந்த குதிரையும் முள்கம்பியும்

அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி போகிறவர்கள் நேஷனல் கௌபாய் மியூசியத்துக்கு அரை நாளாவது ஒதுக்கிவிடுங்கள், முடிந்தால் நண்பர்களோடு போங்கள், ஏனென்றால் அங்கே இருப்பதில் பாதி பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசரின் 'எண்ட் ஆஃப் தி டிரெயில்' (பாதையின் முடிவு) சிற்பத்தின் எதிரில்தான் நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம். சுமார் 18 அடி உயரம், முழுக்க பிளாஸ்டர். குதிரை கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது, காற்று பின்னாலிருந்து அறைய வால் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது, மேலே இருக்கும் பூர்வகுடி வீரனின் முதுகு வளைந்து ஈட்டி முனை தரையை நோக்கிச் சரிந்திருக்கிறது. 1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் வெண்கலத்தில் வார்க்க முடியவில்லை. அப்புறம் கலிஃபோர்னியாவில் விசாலியா ஊர்ப் பூங்காவில் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று சிதைந்து, 1968-ல் இந்த மியூசியத்தின் கைக்கு வந்து சீரானது.

கூட வந்த தோழிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் தொண்டை அடைத்தது, ஆனால் கூடவே கோபமும் வந்தது. இவர்கள் கதை முடிந்துவிட்டது என்று அந்தச் சிற்பம் சொல்கிறது, அது உண்மையில்லை. இன்றைக்கு இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 39 பூர்வகுடி தேசங்கள், அதாவது தங்களைத் தனித் தேசம் என்றே சொல்லிக்கொள்ளும் பழங்குடிச் சமூகங்கள், இருக்கின்றன, அதில் பல 1830-ன் வெளியேற்றச் சட்டத்தாலும் அதற்குப் பின்னாலும் சொந்த மண்ணிலிருந்து விரட்டி இங்கே கொண்டுவரப்பட்டவை. முடிந்துபோனவர்களுக்காக அழுவது சுலபம், இருப்பவர்களுக்கு நிலத்தைத் திருப்பித் தருவதுதான் கஷ்டம் என்று நான் சொல்ல, அதற்காக அந்தச் சிற்பியின் துக்கம் பொய்யாகிவிடுமா என்று அவள் கேட்டாள். ஆகாது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் பியர்ஸ்டாட்டின் 1867 ஓவியம் ஒன்று இருக்கிறது, குடியேறிகளின் வண்டிகள் மேற்கே போகின்றன, வானம் முழுக்கப் பொன்னாக எரிகிறது. அழகுக்குக் குறைவே இல்லை. பூர்வகுடிகளின் கூடாரங்கள் மட்டும் தூரத்து ஒளியில் கரைந்து, தேடினால்தான் கண்ணில் படுகின்றன.

உள்ளேயே கட்டி வைத்திருக்கும் 1900 வாக்கிலான சிற்றூர்த் தெரு நண்பர்களுக்குப் பிடித்தது, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது முள்கம்பித் துண்டுகள்தான். ஒவ்வொன்றிலும் முள் ஒரு தினுசாக வளைந்திருக்கிறது. 1874-ல் ஜோசஃப் கிளிடன் காப்புரிமை வாங்கிய வகையில், முள் ஒரு கம்பியைச் சுற்றியிருக்கும், இன்னொரு கம்பியை அதோடு சேர்த்து முறுக்கிவிட்டால் முள் நகராது. அவ்வளவுதான் சூத்திரம். மரமே இல்லாத சமவெளியில் மலிவாக வேலி போட வழி கிடைத்துவிட்டது. டெக்சஸிலிருந்து கேன்சஸ் ரயில் நிலையங்கள் வரை கௌபாய்கள் மாட்டு மந்தையை ஓட்டிப்போன காலம் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுதான் நீடித்தது. வேலியும், டெக்சஸுக்கே வந்துவிட்ட ரயிலும், மாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து போட்ட தடைகளும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. இந்த மியூசியத்தில் எதன் பாதையாவது முடிந்தது என்றால் அது கௌபாயின் பாதைதான், அதை முடித்ததில் ஒரு சின்ன முள்ளுக்கும் பங்கு உண்டு.

ரோடியோ, அதாவது கௌபாய் வீரவிளையாட்டுப் பகுதியில் பில் பிக்கெட்டைத் தவறவிடாதீர்கள். ஓடும் குதிரையிலிருந்து பாய்ந்து காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் விளையாட்டைப் பிரபலமாக்கியவர், கறுப்பினத்தவர். 1932-ல் இறந்தார், ரோடியோ புகழ்க்கூடத்தில் சேர்த்தது 1971-ல்தான். கௌபாய்களில் கறுப்பினத்தவர்களும் வக்கேரோ எனப்படும் மெக்சிகோ மாடு மேய்ப்பர்களும் எவ்வளவு பேர் என்பது திரையில் பார்த்து வளர்ந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் அதே ஊரில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன்ஸ் மியூசியத்துக்குப் போனோம், 2021-ல் திறந்தது, 39 தேசங்களும் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் இடம். நூறு ஆண்டுக்கு முன் இந்த மக்களிடமிருந்து சேகரித்து எடுத்துப்போன பொருட்கள் ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க தேசிய அருங்காட்சியக அமைப்பிலிருந்து வந்திருக்கின்றன, அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் அவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே தோழி அழவில்லை, நிறையக் கேள்வி கேட்டாள். இரண்டையும் பாருங்கள், இந்த வரிசையிலேயே பாருங்கள்.