உதட்டோரம் குறுகுறுக்கும்போதே மாத்திரை

உதட்டுச் சிவப்பு முடிந்து தோல் தொடங்கும் கோட்டில், மிளகளவு இடத்தில் ஒரு குறுகுறுப்பு. கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் இறுக்கம். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் விரல் தானாக அங்கேயே போகும். ஒருமுறை வந்தவர்களுக்கு இந்த உணர்வு அத்துபடி. மறுநாள் அங்கே கொப்புளம் நிற்கும். ஹெர்பீஸ் என்ற வைரஸின் வேலை இது.

மருந்து எடுக்க வேண்டிய நேரம் அதுதான். அசைக்ளோவிர் வகை மருந்துகள் வைரஸ் நகலெடுக்கும்போது அதன் டிஎன்ஏ இழையை வளரவிடாமல் பாதியில் நிறுத்திவிடும். வைரஸ் மும்முரமாகப் பெருகுவது முதல் ஓரிரு நாள்தான். மூன்றாம் நாள் நாம் பார்க்கும் புண், ஏற்கெனவே நடந்து முடிந்த சேதம். அப்போது கிரீம் வாங்கிப் பூசிவிட்டு ‘மருந்தே கேட்கவில்லை’ என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை.

வழக்கமான அளவு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு: வாலாசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். அவ்வளவுதான், ஒரே நாளில் முடிந்துவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு நான்கு. நான்கா என்று மிரண்டு ஒவ்வொன்றாக நான்கு நாளைக்குப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தேவையான நேரத்தில் தேவையான அளவு உடம்பில் இருக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறையும், அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி மாத்திரையைக் கையில் வைத்திருப்பது நல்லது. 5 சதவீத அசைக்ளோவிர் கிரீமை ஒரு நாளைக்கு ஐந்து முறை பூசலாம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: மாத்திரையால் மிச்சமாவது சுமார் ஒரு நாள், கிரீமால் அரை நாள். வீட்டில் கிடக்கும் வெறும் ஸ்டீராய்டு களிம்பை எடுத்துப் பூச வேண்டாம். வைரஸுக்கு அது வசதி செய்து கொடுக்கும்.

பிறகு கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வரும், ஒன்றோடொன்று சேர்ந்து உடையும். ஈரமாகக் கசியும் இந்த நாட்களில்தான் தொற்று மிக அதிகம். நான்கைந்தாம் நாளில் பொருக்குத் தட்டும். கொட்டாவி விட்டால், சிரித்தால் அது வெடித்து ரத்தம் எட்டிப் பார்க்கும். பெட்ரோலியம் ஜெல்லியைப் பஞ்சு முனைக் குச்சியால் மெல்லிசாக ஒற்றினால் வெடிப்பு குறையும். குச்சியை மறுபடி டப்பாவுக்குள் விடாதீர்கள். பொருக்கைப் பிய்க்காமல் விட்டால் ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

எப்படிப் பரவுகிறது? தோலோடு தோல் உரசி, எச்சில் பட்டு. முத்தம் முதல் வழி. வாய்வழிப் பாலுறவில் உதட்டிலுள்ள முதல் வகை ஹெர்பீஸ் பிறப்புறுப்புக்குப் போகும். அங்கே புண் என்றாலே, பிறப்புறுப்பில் வழக்கமாக வரும் இரண்டாம் வகை ஹெர்பீஸ்தான் என்று முடிவுகட்ட முடியாது. புண்ணே இல்லாத நாளிலும் வைரஸ் கொஞ்சம் கசியும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்கு அது குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘யார் கொடுத்தது’ என்ற வீட்டு விசாரணைக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காது. நுழைந்த வைரஸ் முகத்து நரம்பு வழியாக மேலேறி, மண்டைக்குள் காதருகே உள்ள நரம்பு முடிச்சில் தூங்கும். அங்கே தூங்கும் வைரஸை எந்த மருந்தாலும் ஒழிக்க முடியாது. காய்ச்சல், வெயில், தூக்கமின்மை, மாதவிடாய், பல் சிகிச்சையில் உதடு இழுபடுவது ஆகியவை அதை எழுப்பிவிடும்.

புண் இருக்கும்போது பச்சைக் குழந்தையை முத்தமிடவே கூடாது. பிறந்து நான்கு வாரத்துக்குள் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. தாய்க்கு உதட்டில் புண் இருந்தாலும் பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருக்கக் கூடாது, கையைக் கழுவ வேண்டும், உதட்டை மறைத்துக்கொள்ள வேண்டும். கரப்பான் உள்ள குழந்தைகளிடமும் இதே எச்சரிக்கை. களிம்பு தொட்ட விரலால் கண்ணைத் தொடாதீர்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாப் புண்ணும் ஹெர்பீஸ் அல்ல. கன்னத்தின் உட்புறம் நடுவில் வெளுத்து வட்டமாக வருவது சாதாரண வாய்ப்புண், அது ஒட்டாது. வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்தால் பெரும்பாலும் வேறு காரணம். அக்கி என்று சொல்வது இதே குடும்பத்து வேறொரு வைரஸால் வருவது. சந்தேகமென்றால் புதுக் கொப்புளத்தின் நீரை எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்து பார்க்கலாம். ரத்தத்தில் எதிர்ப்பான் இருந்தால் எப்போதோ தொற்றியது தெரியும், எந்த இடத்தில் என்று தெரியாது.

முதல் முறை தொற்றும்போது சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு ஈறு வீங்கி வாயெல்லாம் புண்ணாகும். வலியால் தண்ணீரே குடிக்காது. சிறுநீர் குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

வருடத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறவர்கள் தினசரி மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வெயிலில் கிளம்பிவிடுகிறதென்றால் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 உள்ள உதட்டுத் தைலம் உதவும். வாங்கி வைத்த மாத்திரையின் காலாவதித் தேதியையும் அவ்வப்போது பாருங்கள். குறுகுறுப்பு பெரும்பாலும் மருந்துக்கடை மூடிய பிறகுதான் ஆரம்பிக்கும்.