பதினேழு படியும் ஒரு கறுப்புப் பெட்டியும்

துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் குவில்ட் என்று பெயர். நியூஜெர்சியில் எங்கள் குவில்ட் வகுப்பு ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் நடக்கிறது. இறங்கப் பதினேழு படி, லிஃப்ட் கிடையாது. என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் தையல் மிஷின் பத்து கிலோவுக்கு மேல். முதல் நாள் எப்படியோ இறக்கிவிட்டேன். வகுப்பு முடிந்து ஏற்றும்போது எட்டாவது படியிலேயே கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். எழுபதைத் தாண்டிய எங்கள் டீச்சர், ஒரு கையில் காப்பியும் மறு கையில் ஒரு கறுப்புப் பெட்டியுமாக, "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லி என்னைத் தாண்டி ஏறிப் போனார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது சிங்கர் கம்பெனியின் 221 தையல் மிஷின், செல்லப்பெயர் ஃபெதர்வெயிட்.

பெயர் இறகு என்றாலும் எடை பதினோரு பவுண்டு, அதாவது சுமார் ஐந்து கிலோ. உடல் இரும்பு இல்லை, அலுமினியம். 1933இல் முதலில் வந்தது. தைக்கும் மேடையின் இடது பாதியை மேலே மடக்கினால் மிஷின் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஜிக்ஜாக் இல்லை, காஜா இல்லை, பூத்தையல் இல்லை. ஆனால் குவில்ட்டுக்குத் துண்டுகளை இணைக்க நேர்த்தையல் போதும். நம் ஊரில் பழைய நூல் சேலைகளை அடுக்கிக் குழந்தைக்கு விரிப்பு தைப்போமே, அதற்கு ஜிக்ஜாக்கா கேட்டோம்?

வாங்கலாம் என்று முடிவு செய்ததும் ஊரில் அம்மாவுக்கு வீடியோவில் படம் காட்டினேன். பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் காலால் மிதிக்கிற மிஷினில் ஜாக்கெட் தைத்தவள். "ஏட்டி, இதுக்குக் காலே இல்லையே" என்றாள். கரண்ட் என்றேன். "அப்ப கரண்ட் போனா?" இங்கே போகாது என்று சொல்ல ஆசைதான், சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் விலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்குப் புதுசே ரெண்டு வாங்கலாம்" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த ரெண்டையும் பதினேழு படி தூக்கப்போவது அவர் இல்லை.

தேடலுக்கு மூன்று மாதம் ஆனது.

முதலில் பார்த்தது, ஒரு வீட்டைக் காலி செய்து எல்லாப் பொருளையும் விற்கும் எஸ்டேட் சேலில். தங்கப் பூவேலை கொஞ்சமும் தேயாமல் பளபளத்தது. 1930களின் மிஷின் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். நான் அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன். ஊசிப் பக்கம் இருக்கும் முகத்தகட்டில் கொடி கொடியாகச் சித்திரம் இருந்தால் பொதுவாகப் பழசு. 1947 வாக்கிலிருந்து வந்தவற்றில் வெறும் நேர்க்கோடுகள். இதில் நேர்க்கோடு. தகடு மாற்றியிருக்கலாம் என்பதால் மிஷினைச் சாய்த்து அடியில் பொறித்த எண்ணையும் பார்த்தேன். அதுவும் 1930கள் இல்லை. அதுகூடப் போகட்டும், எனக்கு வயது முக்கியமில்லை. கீழ்நூல் சுற்றும் பாபின் இருக்கும் இடத்தைத் திறந்தால், அதைத் தாங்கும் பாபின் கேஸ் உள்ளே இல்லை! இந்த மிஷினின் பாபினும் சின்னது, கேஸும் தனி ரகம். கடையில் கிடைக்கும் சாதாரண பாபின் கேஸைப் போட்டு ஒப்பேற்ற முடியாது. பழைய அசல் கேஸை மட்டும் தனியாக வாங்கப் போனால் பர்ஸ் கிழியும். பூவேலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது, இணையத்தில் ஒரு கடை. "முழு சர்வீஸ் செய்தது" என்று போட்டிருந்தார்கள். தபாலில் வந்தது. அட்டைப்பெட்டிக்குள் அசல் பெட்டி, அதற்குள் மிஷின், சுற்றி ஒரு துண்டு காகிதம்கூட இல்லை. வழியெல்லாம் உள்ளே உருண்டிருக்கிறது. நூல்கண்டு செருகும் கம்பி வளைந்து, பெட்டியின் ஒரு மூலை பிளந்து, மடக்கும் மேடை மட்டமாக உட்காராமல் நின்றது. திருப்பி அனுப்பினேன். பணம் வரப் பதினெட்டு நாள், எட்டு மின்னஞ்சல். பழைய மிஷினைத் தபாலில் வாங்குவதென்றால், எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே படம் கேளுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் அடைத்திருக்க வேண்டும். நான் அதோடு தபாலுக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

மூன்றாவது பென்சில்வேனியாவில், டெலவேர் ஆற்றைத் தாண்டிய ஒரு கிராமத்தில். விற்றவர் ஒரு பாட்டி. முன்னூற்று இருபத்தைந்து டாலர் சொன்னார். பூவேலை பாதி தேய்ந்திருந்தது, அதுவும் முன்பக்கம், துணி உரசி உரசி. எனக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. அலமாரியில் தூங்கிய மிஷினுக்கு அந்தத் தேய்மானம் வராது.

அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். கைச்சக்கரத்தை என் பக்கமாக மெல்லச் சுற்றினேன். எங்காவது இடறுகிறதா, ஒரே கனத்தில் சுற்றுகிறதா என்று. பிறகு கவிழ்த்து, அடித்தட்டின் நடுவிலிருந்த திருகைக் கழற்றினேன். அந்தத் தட்டில் எண்ணெயை உறிஞ்ச ஒரு கம்பளித் துண்டு இருக்கும். கறுத்து, பிசுக்குப் பிடித்துக் கிடந்தது. துரு மட்டும் எங்கும் இல்லை. பிசுக்கைத் துடைத்துவிடலாம், துருவோடு மல்லுக்கட்ட முடியாது. வயரை விரலால் லேசாக வளைத்துப் பார்த்தபோது பெடல் பக்கம் மேலுறை வெடித்து உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. "இதைப் பிளக்கில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்க வந்தவள், வாயை மூடிக்கொண்டேன். பாட்டி நாற்பது டாலர் குறைத்தார். புதுப் பெடலுக்கும் வயருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆனது.

எண் AJ என்று தொடங்கியது. அதாவது 1950ஐ ஒட்டிய வருஷங்கள். இந்த எண்ணை வைத்துத் தெரிவது, சிங்கர் அந்த எண் வரிசையை ஒதுக்கிய தேதி. அந்த மிஷினை முடித்து வெளியே அனுப்பிய நாள் இல்லை. "இது என் அம்மாவின் கல்யாண நாளில் செய்தது" என்று விற்கிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், அனுபவம் உண்டு.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. சிங்கரின் பெரிய தொழிற்சாலை இருந்தது எங்கள் நியூஜெர்சியின் எலிசபெத் நகரில். 1873இல் தொடங்கியது, 1982இல் மூடினார்கள். A எழுத்து வரிசை அங்கே செய்தது. ஸ்காட்லாந்தில் செய்தவற்றுக்கு E, கனடாவில் செய்தவற்றுக்கு J. நான் இருக்கும் எடிசனிலிருந்து எலிசபெத் இருபது மைலுக்குள். வேலைக்குப் போகும் ரயில் தினமும் அந்த ஊரில் நிற்கும். நான் தலைநிமிர்ந்து பார்த்ததே இல்லை. ஆற்றைத் தாண்டிப் போய் வாங்கி வந்தது எங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளையை.

மறுநாள் புதுப் பெடல் போட்டு, துணி வைத்து, ஆசையாக மிதித்தேன். நாலு தையல். 'டக்' என்று நின்றுவிட்டது. சக்கரம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். "நூல் வால ரெண்டையும் பிடிச்சுக்கிட்டுத் தச்சியா?" என்றாள். இல்லை. கம்ப்யூட்டர் மிஷின் கெடுத்த பழக்கம். பிடிக்காவிட்டால் மேல்நூல் கீழே இழுபட்டு, பாபினைச் சுற்றும் கொக்கியின் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. மிஷின் கெட்டுப்போகவில்லை, தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாபின் கேஸை எடுத்துவிட்டு, கொக்கியில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அரை மணி காத்திருந்து, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினேன். மூன்றாவது முயற்சியில் அசைந்தது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒரு விரற்கடை நீல நூலை இழுத்தேன். என் நூல் வெள்ளை. பாட்டியின் நூல், எத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததோ! அதற்குப் பின்னால்தான் என்னுடையது வந்தது.

எண்ணெயிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஊசித்தண்டு, கொக்கி போன்ற இடங்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய். அடியிலும் மேலேயும் உள்ள பல்சக்கரங்களுக்குக் கிரீஸ். மோட்டாருக்கும் தனிக் கிரீஸ், அதுவும் பட்டாணி அளவு. மோட்டாருக்குள் எண்ணெய் விட்டால் போச்சு. பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் நன்றாக ஓடும் என்று என் வீட்டுக்காரர் முறுக்கிவைத்தார். பத்து நிமிஷத்தில் மோட்டார் சுட்டது. கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்க வேண்டும். அடியில் இருந்த நான்கு ரப்பர் பாதங்களும் கல்லாகிவிட்டிருந்தன. மேசையில் மிஷின் தானாக நடந்து போனது. அதையும் மாற்றினேன், சில டாலர்தான்.

ஊசிக்கும் ஒரு வார்த்தை. சாதாரண வீட்டு மிஷின் ஊசியே போதும், ஆனால் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். அம்மா மிஷினில் இடமிருந்து வலம். என் கை அந்தப் பழக்கத்திலேயே போய், அரை நாள் தையல் விழவே இல்லை.

இத்தனையையும் விட என்னைப் படுத்தியது பெட்டி. திறந்தாலே பூஞ்சை நாற்றம், ஈரச்சாக்கு போல. வெயிலில் வைத்தேன், சமையல் சோடா தூவினேன், கரித்துண்டு போட்டேன். பொறுமை போய் ஒரு நாள் சாம்பிராணி போட்டு மூடி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பூட்டிக்கிடந்த கோயில் மண்டபத்தின் வாசனை. முன்னதைவிட மேல் என்று அதோடு விட்டேன்.

வகுப்பில் அன்று ஒன்பது சதுரத்தைச் சேர்த்து ஒரு கட்டம் தைக்க வேண்டும். மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்பதை இணைத்தால் ஒன்பதரை அங்குலம் வர வேண்டும், தையலுக்கு விடும் ஓரம் சரியாகக் கால் அங்குலமாக இருந்தால். ஒவ்வொரு ஓரத்திலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலும் கட்டம் கால் அங்குலம் சுருங்கிவிடும். அப்படி இருபது கட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள், போர்வை கோணிக்கொள்ளும். கம்ப்யூட்டர் மிஷினில் எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. இதில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, டேப்பை ஐந்தாறு மடிப்பாகத் தகட்டின் பக்கத்தில் ஒட்டி ஒரு சுவர் மாதிரி செய்துகொண்டேன். துணி அதை உரசிக்கொண்டே போனது. டீச்சர் அளந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார். அவரிடம் அதுதான் பாராட்டு.

இதை வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்து வளைத்து வளைத்துத் தைக்கும்போது, துணியைத் தள்ளும் பற்களைக் கீழே இறக்க வேண்டும்; 221இல் அது இறங்காது. அதன் தம்பி 222இல் இறங்கும், விலையும் ஏறும். நான் அந்த வேலைக்கு வீட்டிலேயே இருக்கும் கனத்த மிஷினைத்தான் தொடுகிறேன். "வரும்போது அதை இங்க கொண்டாந்துரு" என்று அம்மா இப்போது கேட்கிறாள். இந்த மோட்டார் 110 வோல்ட், ஊரில் 230. அப்படியே செருகினால் புகைதான் என்று சொல்லியிருக்கிறேன். நம்பவில்லை, எனக்குக் கொடுக்க மனசில்லை என்று நினைக்கிறாள். அதுவும் கொஞ்சம் உண்மை.

மழை நாளில் பெட்டி இன்னும் லேசாக வாசம் அடிக்கிறது. பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுருக்கினால், பெட்டியை மட்டும் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.