ரெண்டே கலர்ல ஜாஸ்

சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல மூணு வருஷம் டிசைன் வேலை பாத்தேன். பார்ட்டி உள்ள வந்து உக்காந்ததும் மொதலாளி கேக்குற முதல் கேள்வி "எத்தன கலர்?"ங்கிறதுதான். என்ன மேட்டரு, எத்தன ஆயிரம் காப்பி எல்லாம் அப்புறம். சிங்கிள் கலர்னா ஒரு பிளேட், டபுள் கலர்னா ரெண்டு, மல்டி கலர்னா நாலு பிளேட், காசும் அதுக்கேத்த மாதிரி ஏறும், அதனால கையில பணம் கம்மியா இருக்கிற கோயில் கமிட்டிக்காரங்க எல்லாம் கருப்பும் ஒரு செவப்பும் போதும் தம்பின்னுட்டு போயிருவாங்க. எனக்கு டபுள் கலர் வேலை வந்தாலே எரிச்சலா இருக்கும், இதுல என்னத்த டிசைன் பண்ணி கிழிக்கிறதுன்னு.

அந்த எரிச்சல் எவ்வளவு பெரிய முட்டாத்தனம்னு புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரு ஃப்ரெண்டு வீட்டுல புளூ நோட் கம்பெனியோட ரெக்கார்டு கவர்கள மட்டும் தொகுத்த தடி புக்கு ஒண்ணு கெடந்துச்சு, சும்மா புரட்ட ஆரம்பிச்சவன் காபி ஆறிப்போறது கூட தெரியாம உக்காந்துட்டேன். ஜாஸ்னா எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது, சாக்ஸபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் வித்தியாசம் தெரியும் அவ்வளவுதான். ஆனா பிரஸ்காரன் கண்ணுக்கு ஒண்ணு உடனே தெரிஞ்சிருச்சு, பக்கத்துக்கு பக்கம் இதே டபுள் கலர்! கருப்பு, அதுக்கு மேல ஒரு நீலமோ செவப்போ மஞ்சளோ. நம்ம கோயில் கமிட்டி பட்ஜெட்தான்.

புளூ நோட் 1939-ல நியூயார்க்ல ஆரம்பிச்ச சின்ன கம்பெனி. ஆல்ஃபிரட் லயன்னு பெர்லின்ல இருந்து வந்த ஆளு, ஜாஸ் பைத்தியம். அதே வருஷம் கடைசில அவரோட சின்ன வயசு சிநேகிதர் ஃபிரான்சிஸ் வுல்ஃபும் நாஜிங்க கையில மாட்டாம தப்பிச்சு வந்து சேர்ந்துக்கிட்டாரு, அவரு போட்டோகிராஃபர். கவர் எல்லாம் டிசைன் பண்ணது ரீட் மைல்ஸ், அதுக்கு முன்னாடி எஸ்கொயர் பத்திரிகைல இருந்தவரு, 1956-ல இருந்து 67 வரைக்கும் கிட்டத்தட்ட 500 கவர். ஒரு கவருக்கு சுமாரா 50 டாலர் குடுத்திருக்காங்க. இதுல பெரிய கூத்து என்னன்னா மைல்ஸுக்கு ஜாஸ்ல பெருசா நாட்டமே கெடையாது. கிளாசிக்கல் கேக்குற மனுஷன். லயன் வந்து இந்த ரெக்கார்டு இப்படிப்பட்டது, இந்த மூடுல இருக்கும்னு வாயால சொல்லுவாரு, அத வச்சு இவரு கவர் போடுவாரு, தனக்கு குடுத்த ரெக்கார்டு காப்பிய வேற யாருகிட்டயாவது தள்ளிவிட்டுருவாரு. இன்னைக்கு உலகத்துல எந்த ஊர்ல ஜாஸ் கச்சேரிக்கு நோட்டீஸ் அடிச்சாலும் இவரு போட்ட சாயல்தான் எங்கயாவது எட்டிப் பாக்குது. ஜாஸ் பாக்க எப்படி இருக்கும்னு முடிவு பண்ணது ஜாஸ் கேக்காத ஒருத்தர்!

எனக்கென்னமோ கேக்காததுதான் நல்லதா போச்சுன்னு தோணுது. கேட்டிருந்தா பாட்டுக்கு அர்த்தம் வரைய ஆரம்பிச்சிருப்பாரு. இவருக்கு கையில இருந்தது பேரும், எழுத்தும், ஒரு போட்டோவும், ரெண்டு மையும்தான், அதனால எழுத்தையே வாசிக்க வச்சுட்டாரு. சாக்ஸபோன்காரர் ஜாக்கி மக்லீனோட 60-கள்ல வந்த 'இட்ஸ் டைம்!' கவரப் பாருங்க, கவர் பூரா ஆச்சரியக்குறி, வரிசை வரிசையா 240-க்கும் மேல இருக்குன்னு எண்ணினவங்க சொல்றாங்க, மக்லீன் மூஞ்சி ஒரு மூலைல பொடிசா. இதே வேலைய நான் பிரஸ்ல செஞ்சிருந்தா என்ன தம்பி கீ ஒட்டிக்கிச்சான்னு கேட்டிருப்பாங்க. ஆனா ஒரு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தா அது டிரம்ஸ் மாதிரி அடிக்குது. ஒரே குறி திரும்பத் திரும்ப, தாளம் மாதிரி. உள்ள இருக்கிற மியூசிக்கும் அப்படி விரட்டுற மியூசிக்தான்னு பின்னாடி கேட்டப்ப தெரிஞ்சுது.

போட்டோ சமாச்சாரம் தனி. ரூடி வான் கெல்டர்னு ஒரு சவுண்ட் இன்ஜினியர், நியூஜெர்சில ஹாக்கன்சாக்ங்கிற ஊர்ல அவங்க அப்பா அம்மா வீட்டு ஹால்தான் ரெக்கார்டிங் ஸ்டுடியோ, 1959 வரைக்கும் அங்கதான் ஓடுச்சு. புளூ நோட்காரங்க ஒத்திகைக்கும் காசு குடுப்பாங்களாம், அந்தக் காலத்து சின்ன கம்பெனிங்கள்ல அது அபூர்வம். ஒத்திகையிலயும் ரெக்கார்டிங்லயும் வுல்ஃப் கேமராவும் ஃபிளாஷுமா சுத்திக்கிட்டே இருப்பாரு. அதனால அந்தப் போட்டோல யாரும் கேமராவப் பாத்து சிரிக்கல. வாசிச்சுக்கிட்டிருக்காங்க, இல்லன்னா அடுத்து என்ன வாசிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்காங்க, சுத்தி இருட்டு, சிகரெட் புகை, நெத்தில வேர்வை. அந்தப் போட்டோவ வாங்கி மைல்ஸ் நெத்தியோட வெட்டுவாரு, வுல்ஃபுக்கு அதுல செம கடுப்பு. நம்ம ஊர்ல போஸ்டர்ல ஒரு தலைவரோட நெத்திய வெட்டிப் பாருங்க, மறுநாள் பிரஸ் இருக்காது.

சாக்ஸபோன் வாசிச்ச ஜான் கோல்ட்ரேனோட 'புளூ டிரெய்ன்' 1957-ல ரெக்கார்டு பண்ணது. ஒரு கை பின்னங்கழுத்துல, இன்னொரு கை வாய்கிட்ட, ஏதோ கணக்குப் போடுற மாதிரி தலையக் குனிஞ்சு நிக்கிறாரு. மொத்தமும் நீலம். இது டான்ஸ் ஆடுற பாட்டு இல்ல, உக்காந்து கேக்குற பாட்டு, வாசிக்கிறவன் மூளை உள்ள ஆளுன்னு அந்த ஒரு கவரே சொல்லிருது.

அந்தக் காலத்து அமெரிக்காவுல இது சாதாரண விஷயம் கெடையாதுங்க. கறுப்பினக் கலைஞர்களோட ரெக்கார்டுக்கு யாரோ ஒரு வெள்ளக்கார மாடல் பொண்ணு படத்தப் போட்டு விக்கிறது ரொம்ப சகஜம். மைல்ஸ் டேவிஸ்கே நடந்துச்சே. (அவரு வேற மைல்ஸ், டிரம்பெட் மைல்ஸ்.) 1957-ல கொலம்பியா கம்பெனி போட்ட 'மைல்ஸ் அஹெட்' கவர்ல பாய்மரப் படகுல ஒரு வெள்ளக்காரப் பொண்ணும் ஒரு கொழந்தையும். மனுஷன் காண்டாகி இந்தப் பொம்பள எதுக்கு என் ரெக்கார்டுலன்னு கேட்டாரு, பின்னாடி வந்த பதிப்புல அவரு டிரம்பெட் வாசிக்கிற படத்தப் போட்டாங்க. 1961-ல வந்த இன்னொரு ரெக்கார்டுல தன் மனைவி ஃபிரான்சஸ் படத்தையே கவர்ல போட வச்சாரு. பொண்ணு படம்தானே வேணும், இந்தா, எங்க வீட்டுப் பொண்ணுங்கிற மாதிரி. எனக்கு அந்தத் திமிரு ரொம்பப் புடிக்கும்.

புளூ நோட்டும் சுத்தத் தங்கம்னு சொல்ல மாட்டேன். 1958-ல சோனி கிளார்க்குன்னு அருமையான பியானோக்காரரோட 'கூல் ஸ்டிரட்டின்' வந்துச்சு, கவர்ல அவரே இல்ல, ஹீல்ஸ் போட்ட ஒரு பொண்ணோட கால் ரெண்டும் ரோட்டுல நடக்குது. டிசைன்னு பாத்தா அட்டகாசம், அந்த நடைல ஒரு லயம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா கிளார்க் மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் தனியா தேடித்தான் பாக்க வேண்டி இருந்துச்சு.

இதப் படிக்கிறப்ப நம்ம வீட்டு கேசட் எல்லாம் ஞாபகம் வந்துரும். பாட்டு போட்டது யாரு, பாடுனது யாருங்கிறது அட்டைல எறும்பு சைஸ்ல இருக்கும், மேல ஹீரோ மூஞ்சி. ஏ சைடு ஒரு படம் பி சைடு இன்னொரு படம்னா அட்டையையும் ரெண்டா பாகம் பிரிச்சு ரெண்டு ஹீரோ மூஞ்சி, பங்காளிச் சொத்து மாதிரி. சாமி படம் இருந்தா பக்தி, பட்டுப்புடவையும் தம்புராவும் இருந்தா கர்நாடக சங்கீதம், கடைக்காரரு அட்டையப் பாத்தே அடுக்கிருவாரு, ஒரு எழுத்து படிக்க வேணாம். அதுவும் ஒரு பாஷைதான், தப்பு சொல்லல. ஆனா சினிமாப் பாட்டுல மட்டும் பாட்டுக்குன்னு ஒரு முகமே இல்லாமப் போச்சு, சோகப் பாட்டு கேசட்டும் குத்துப் பாட்டு கேசட்டும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து பதிஞ்சு வாங்குன கேசட்டுலதான் கொஞ்சம் தப்பிச்சோம், எங்க அக்கா அந்த அட்டைல ஸ்கெட்ச் பேனாவால ஒரு மேகமும் நாலு மழைக்கோடும் போட்டு வச்சிருப்பா. அதத் தொட்டாலே உள்ள என்ன மாதிரி பாட்டுன்னு தெரியும். எங்க வீட்டு ரீட் மைல்ஸ் அவதான், ஒரு கவருக்கு 50 பைசா கூட யாரும் குடுக்கல.

எனக்கு இருக்கிறதுலயே ரொம்பப் புடிச்சது, இன்னொரு சாக்ஸபோன்காரர் எரிக் டால்ஃபியோட 'அவுட் டு லன்ச்'. கடைக் கதவுல தொங்குமே, இத்தன மணிக்கு வந்துருவேன்னு கடிகாரம் போட்ட அட்டை, அதோட படம். ஆனா அந்தக் கடிகாரத்துல முள்ளு ரெண்டு இல்ல, ஏகப்பட்ட முள்ளு, ஒவ்வொண்ணும் ஒரு தெசையக் காட்டுது, எத்தன மணிக்கு வருவான்னு சொல்லவே முடியாது. ரெக்கார்டக் கேட்டா அதேதான், தாளம் எங்க விழும்னு நாம போட்டு வச்ச கணக்கு எல்லாம் தப்பாயிரும், முதல் தடவ எனக்குத் தலைவலியே வந்துச்சு. அந்தக் கவர் இல்லன்னா அஞ்சு நிமிஷத்துல நிறுத்திருப்பேன். முள்ளு ஏகப்பட்டதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்களேன்னு ரெண்டாவது தடவ கேட்டேன். பிப்ரவரி 1964-ல பதிஞ்சது, ஜூன்ல டால்ஃபி பெர்லின்ல எறந்துட்டாரு, வயசு 36. ரெக்கார்டு கடைக்கு வந்தது அதுக்கு அப்புறம்.

அந்த புக்க ஃப்ரெண்டுகிட்ட இரவல் வாங்கிட்டுப் போய் பழைய பிரஸ்ல மிஷின்மேன் அண்ணன்கிட்ட காட்டினேன். நாப்பது வருஷம் மிஷின் ஓட்டுன ஆளு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு புளூ டிரெய்ன் பக்கத்த வெளிச்சத்துல சாச்சு சாச்சுப் பாத்தாரு.

"ரிஜிஸ்டர் கரெக்டா உக்காந்திருக்கு தம்பி, கலர் மேல கலர் பிசகாம. ரெண்டு கலர்தானே?"

"ரெண்டுதாண்ணே."

"நல்லாருக்கு." பக்கத்தத் திருப்பப் போனவரு நிறுத்திட்டு கோல்ட்ரேன் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தாரு. "இவரு எந்தப் படத்துல நடிச்சாரு?"