அப்பாவோட பத்மினிக்கு டிங்கர் வேலை

அப்பா 1988ல வாங்குன பிரீமியர் பத்மினி கார் இது. எங்க வீடு திருவொற்றியூர், கடல் நடக்குற தூரம்தான், உப்புக்காத்து இரும்பை சும்மா விடாது. போன மாசம் கால் வைக்கிற ஃப்ளோர் மேட்டை தூக்கிப் பாத்தா டிரைவர் காலுக்கு கீழ ரோடு தெரியுது.

ஆறு வருஷம் முன்னாடி ஒரு ஷெட்ல இதே இடத்தை சரி பண்ணி பளபளன்னு பெயிண்ட் அடிச்சுதான் குடுத்தாங்க. இப்ப சுரண்டிப் பாத்தா ஓட்டை மேல ஃபைபர் துணி, அதுக்கு மேல விரல் தடிமனுக்கு பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி தேய்க்கிற பசை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், உள்ள துரு உப்பிக்கிட்டே போகும், வெளிய பெயிண்ட் கொப்பளிக்கிறப்ப தகரமே இருக்காது. எனக்கு இன்னும் ஆறல, ஏன்னா அன்னைக்கே வெட்டி ஒட்டியிருந்தா உள்ளங்கை அளவு தகரத்தோட முடிஞ்சிருக்கும். பழைய வண்டி வாங்குறவங்க ஒரு காந்தம் எடுத்துட்டு போங்க, மெல்லிசா துணி சுத்தி ஃபெண்டர், கதவு அடிப்பக்கம் எல்லாம் வச்சு பாருங்க, ஒட்டாம நழுவுற இடத்துல பட்டிதான் இருக்கு.

இந்த தடவை வேற டிங்கர் மாஸ்டர். வந்ததும் பெயிண்டை பாக்கல, நடுவுல ஜாக்கி போட்டு தூக்கிட்டு கதவை சாத்த சொன்னார். சாத்தல. "தம்பி, ரன்னிங் போர்டு போயிடுச்சு"ன்னார், கதவுக்கு அடியில நீளமா ஓடுற தகரப் பெட்டிதான் அது. பத்மினிக்கு தனியா அடிச்சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது, பாடிதான் எல்லா பாரத்தையும் தாங்குது, அதனால ரன்னிங் போர்டு அழகுக்கு இருக்குற பாகம் இல்ல, முதுகெலும்பு மாதிரி. அதை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்கு குறுக்க பைப் வச்சு அங்கங்க பொட்டு வெல்டிங்ல டேக் அடிச்சார், இல்லன்னா வெட்டுனதும் பாடி தொங்கிடும், அப்புறம் எந்த கதவும் உக்காராது.

அப்புறம் கிரைண்டர். வெள்ளையா நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டணும்னு சொல்லிட்டார், சின்னதா தெரிஞ்ச ஓட்டை ஒரு முழம் ஆயிடுச்சு, பாக்க மனசு தாங்கல ஆனா அதுதான் சரி. பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல தேடுனேன், கெடைச்ச பீஸும் துருதான், அதனால 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியான தடிமன் ஷீட்ல கையாலயே மடிச்சு தட்டி செஞ்சார். துரு பிடிக்காதுல்லன்னு நான் துத்தநாகம் பூசுன ஜிஐ ஷீட் கேட்டேன், வெல்டிங் அடிக்கிறப்ப துத்தநாக புகை வரும், ராத்திரி குளிர் காய்ச்சல்ல படுக்கணும்னு மறுத்துட்டார். கேஸ் வெல்டிங்கும் வேணாம்னார், சூட்டுல மெல்லிசு தகரம் அப்பளம் மாதிரி நெளியும். கம்பி உருகி ஒட்டுற சிஓ2 வெல்டிங்தான், அதுவும் இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டுன்னு தள்ளித் தள்ளி. பேட்டரிய கழட்டி, பெட்ரோல் டேங்கையும் இறக்கி தூர வச்சுட்டுதான் ஆரம்பிச்சோம்.

கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டைங்க இருக்கும், பழைய ஷெட்ல பட்டியால அதையும் அடைச்சிருந்தாங்க. எல்லாத்தையும் தொறந்தோம். உள்பக்கம் ப்ரைமர் அடிச்சு, ஜாயிண்ட்டுக்கெல்லாம் சீலர் போட்டு, அடியில அண்டர்கோட்டிங். பட்டி மேலாப்புல ஒரு ரெண்டு மில்லிமீட்டர், அதுவும் நல்ல தகரத்து மேல மட்டும்.

இப்ப ஜாக்கில நிக்கிறப்பவும் கதவு டக்குன்னு சாத்துது. இடது ஃபெண்டர் மட்டும் பாக்கி, மழை முடியட்டும், ஈரக்காத்துல பெயிண்ட் அடிக்க வேணாம்னு மாஸ்டர் சொல்லிட்டார். அதுவரைக்கும் ரெட் ஆக்சைடு கலர்லயே நிக்குது, அப்பா தினமும் காலைல கதவை ஒரு தடவை தொறந்து சாத்திப் பாத்துட்டுதான் பேப்பர் எடுக்குறார்.