சோன்பிரயாகில் பாடிய கேதாரப் பதிகம்

கேதார்நாத் கோயிலுக்குப் போகும் வழியில், சோன்பிரயாக்கில் உள்ள போலீஸ் தடுப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் பளிச்சென்று இருந்தது. அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். ஒலிபெருக்கியில் போலீஸ்காரர் இந்தியில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்: கேதாரத்தில் பலத்த பனிப்பொழிவு வரப்போகிறது, ஆரஞ்சு எச்சரிக்கை, யாரும் மேலே போகக் கூடாது. "வெயில் இந்தக் காய் காயுது, எங்கேங்க பனி?" என்று எங்கள் குழுவில் ஒருவர் சண்டைக்கே போய்விட்டார்.

மட்டக்குதிரைக்காரர் ஒருவர் மட்டும் யாரோடும் வாதாடவில்லை. சேணத்தை அவிழ்த்துவிட்டுக் குதிரையின் முதுகில் சாக்கைப் போர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, முகவாயால் மேலே காட்டினார். சிகரத்துக்குப் பின்னால் மெல்லிய வெண்படலம், அவ்வளவுதான். "சாயங்காலத்துக்குள்" என்றார்.

மே மாதத்தில் பனியா என்று நமக்குத் தோன்றும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் காற்றுச் சுழற்சிகள்தான் குளிர்காலத்தில் இமயத்தில் பனியைக் கொட்டுகின்றன. சில வருஷம் அவை மே வரை ஓய்வதில்லை. குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் கோயில், 2023-ல் ஏப்ரல் 25 அன்று நடை திறந்த கையோடு இப்படி ஆகி, யாத்திரைப் பதிவையே நிறுத்தி வைத்தார்கள். மலைப்பாதை தொடங்கும் கௌரிகுண்ட் சுமார் 1,980 மீட்டர் உயரம், கோயில் 3,583 மீட்டர். கீழே மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும். அதுவும் இந்தப் பருவத்துப் பனி ஈரமாக, கனமாக இருக்கும். வெயில் பட்டதும் சரிவிலிருந்து மொத்தமாகப் பெயர்ந்து பாதையில் இறங்கிவிடும். 2013 ஜூன் வெள்ளத்தில் ராம்பாடா என்ற ஊரே இருந்த இடம் தெரியாமல் போன மலை இது. அங்கே நில் என்றால் நிற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மூன்று மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிட்டது. விடுதியின் தகரக் கூரையில் மழையும் ஆலங்கட்டியும் மாறி மாறிக் கொட்ட, எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

"சம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்துக்கு நடந்தா வந்தாங்க? காளத்தியில இருந்துக்கிட்டே தானே பாடினாங்க! நாம அவங்களைவிட எவ்வளவோ கிட்ட வந்துட்டோம். எழுந்து உட்காருங்கப்பா."

பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த தேவாரப் புத்தகத்தைப் பிரித்து, சுந்தரர் பதிகத்தை எடுத்தார். "வாழ்வாவது மாயம்மிது மண்ணாவது திண்ணம்." மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கிட்டத்தட்டக் கத்தித்தான் பாடினார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் வரும் 'கேதாரமெனீரே'யை நாங்கள் வாங்கிப் பாடினோம். காலையில் சண்டை போட்டவர்தான் எல்லோரையும்விட உரக்க.

மழை விட்டபோது திரியுகிநாராயண் போய்வந்தோம். சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்த இடம் என்பது ஐதீகம். அந்த வேள்வித் தீ அணையாமல் எரிகிறது. ஆளுக்கொரு விறகு போட்டுவிட்டுச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டோம். தடுக்கப்படாமல் போயிருந்தால் இந்தக் கோயிலை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

தடுப்பைத் திறந்த அன்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். அத்தைக்கு டோலி. லிஞ்சோலிக்கு மேலே பாதையின் இருபுறமும் இடுப்பளவு பனி. மண்வெட்டியால் வெட்டிய தடம் அப்படியே தெரிந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். கோயிலுக்குப் பின்னால், 2013-ல் வெள்ளத்தைப் பிளந்து கோயிலைக் காத்த 'பீம்சிலா' என்ற பெரும்பாறையின் மேலும் பனி குவிந்து கிடந்தது. உள்ளே, குன்று போன்ற அந்தச் சுயம்பு மூர்த்தியின் முன்னால் நின்றது கொஞ்ச நேரம்தான். வாய் திறப்பதற்குள் வரிசை தள்ளிவிட்டது. "நல்லவேளை, கீழேயே பாடியாச்சு" என்றார் அத்தை.

காத்திருந்ததில் பத்ரிநாத்தை விட்டுவிட்டோம். நடை திறந்த முதல் வாரங்களில் போகிறவர்கள், திரும்பும் ரயிலை ஒட்டிப் போடாமல் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.