ட்யூப்லைட் வெயில்

"செடிக்குமா கரண்ட் போடுற, கண்ணு?"

வீடியோ காலில் அம்மா கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தேன். போனை வைத்த பிறகு மனசு என்னவோ போலாகிவிட்டது. ராயக்கோட்டைக்காரி நான். பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று, விலை விழுந்த வருஷங்களில் தக்காளியைக் காட்டோடு மாடுகளுக்கு விட்ட வீடு எங்களுடையது. இப்போது கனடாவின் வின்னிபெக்கில், நிலத்தடி அறை ஒன்றில், மூன்றே மூன்று நாற்றுகளுக்கு விளக்குப் போட்டுக் காத்திருக்கிறேன்.

டிசம்பரில் இங்கே பகல் 8 மணி நேரம்தான். நம் ஊரில் மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். அதனால் 32 வாட்டில் நாலடி ட்யூப்லைட் இரண்டு வாங்கி, பகல் வெளிச்சம் போல வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் வகையாகப் பார்த்து, அலமாரித் தட்டுக்கு அடியில் சங்கிலியில் மாட்டினேன். பத்தே நாளில் நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டன.

அன்று அப்பா போனை வாங்கிப் பார்த்தார். "ட்யூப் எவ்வளவு உயரத்துல இருக்குது?"

"ஒண்ணரை அடிப்பா."

"இறக்கும்மா. வெளிச்சத்தைத் தேடி நெட்டையா போவுது."

குண்டு பல்பு மாதிரி ட்யூப் சுடாது. இலைக்கு மேல் மூன்று அங்குலம் வரை இறக்கினாலும் கருகாது. இறக்கினேன். புதிதாக வந்த இலைகள் அடர்ந்து வந்தன. ட்யூபின் நடுவில் வெளிச்சம் அதிகம், ஓரங்களில் குறைவு என்பதால் வாரம் ஒருமுறை நாற்றுத் தட்டைத் திருப்பி வைக்கிறேன்.

அப்பாவுக்கு இது எப்படிச் சட்டென்று புரிந்தது? எங்கள் பக்கத்துச் சாமந்தித் தோட்டங்கள்தான் காரணம். ராத்திரி நீண்டால் சாமந்தி மொட்டு வைத்துவிடும். செடி நன்றாகக் கிளைத்து வளரும் வரை பூக்க விடாமல் இருக்க, ராத்திரியில் வரிசையாகப் பல்பு எரியவிடுவார்கள். சின்ன வயதில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால், மலையடிவாரத்தில் திருவிழா நடப்பது போலிருக்கும். எந்தச் சாமிக்கு என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "பூவுக்கு" என்றார்.

சரி, இந்த ஊர் எனக்குப் பழகித்தான் விட்டது. மைனஸ் 25 டிகிரியிலும் பஸ்ஸுக்கு நிற்கிறேன். காலை 6 மணிக்கு டைமர் விளக்கைப் போடும், ராத்திரி 10 மணிக்கு அணைக்கும். 16 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் ஆகிறது. விளக்கு அணையும்போது ஊரில் காலை 9.30. அம்மா திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருப்பாள். அந்த இருட்டில் கொஞ்ச நேரம் நானும் அங்கேதான் இருப்பேன்.

பிப்ரவரியில் பூ வந்தது. அறைக்குள் காற்றில்லை, வண்டில்லை. தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் அதை யாராவது உலுக்க வேண்டும். "காம்பை விரலால சுண்டிவிடு" என்றார் அப்பா. தினமும் காலையில் சுண்டினேன்.

நேற்று பட்டாணி அளவில் ஒரு பிஞ்சு.

போனில் காட்டினேன். பெட்டிக் கணக்கில் தக்காளி எண்ணிப் பழகிய மனிதர், "எங்க, இன்னொரு தடவை காட்டு" என்றார்.