50-ஐத் தாண்டி

ஜூன் 3, செவ்வாய்

8 மி.மீ. பித்தளைக் கம்பியில் சின்ன புஷ் (தண்டு நுழையும் குழல்) கடையும் ஆர்டர் வந்திருக்கிறது. கோவை கணபதியில் எங்கள் பட்டறை லேத் பழைய பெல்ட் லேத். கடைசி புல்லியில் போட்டாலும் 600 ஆர்பிஎம்தான். டூல் முனையில் நிமிடத்துக்கு 15 மீட்டர். பித்தளைக்கு இது ஆமை வேகம். மரை வெட்ட மெதுவாக ஓட்டலாம் என்று போன வருஷம் வாங்கிய டிரைவ் இருக்கிறது, கரண்டின் ஃப்ரீக்வன்சியை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி. குறைக்கத்தானே வாங்கினோம், கூட்டிப் பார்த்தால் என்ன?

ஜூன் 4, புதன்

மோட்டார் நேம்பிளேட்டைத் துடைத்துப் படித்தேன். 2 எச்.பி., 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்பிஎம். 50 வரைக்கும் டிரைவ் ஃப்ரீக்வன்சியோடு வோல்டேஜையும் சேர்த்தே ஏற்றும், ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். அதற்கு மேல் ஏற்ற வோல்டேஜ் இல்லை, இ.பி. கொடுப்பதே 415தான். ஃப்ரீக்வன்சி மட்டும் போகும், மோட்டாருக்குள் காந்தப்புலம் மெலியும். 75 ஹெர்ட்ஸில் டார்க், அதாவது சுழற்றும் விசை, மூன்றில் இரண்டு பங்கு. பவர் அதே 2 எச்.பி. புல்லி மாற்றியிருந்தாலும் ஸ்பிண்டிலில் (வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டு) இதே கணக்குதான் வந்திருக்கும். ஒரு வித்தியாசம்: மோட்டார் திணறி நிற்கும் எல்லை அதைவிட வேகமாக, வர்க்கக் கணக்கில் இறங்குகிறது. 75-இல் பாதிகூட மிஞ்சாது, 44 சதவீதம்தான்.

ஜூன் 5, வியாழன்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். 50-இல் 1.9 ஆம்ப்ஸ், 75-இல் 1.1. வேகம் ஏற ஆம்ப்ஸ் இறங்குகிறது! பட்டறைப் பையனுக்கு நம்பிக்கை வரவில்லை, மீட்டரைத் தட்டிப் பார்த்தான். காந்தப்புலத்துக்குப் போகும் கரண்ட் குறைகிறது, அவ்வளவுதான். ஃபேன் சத்தம் மட்டும் காதைக் கிழித்தது.

சாயங்காலம் அவனே செட்டிங்கை நோண்டி, அதிகபட்ச ஃப்ரீக்வன்சியோடு பேஸ் ஃப்ரீக்வன்சியையும் 75 ஆக்கிவிட்டான். 415 வோல்ட் 75-இல்தான் கிடைக்கும் என்றாகி, 50-இல் நன்றாக ஓடிய வேலைக்கே மோட்டார் முனகியது. பேஸ் 50-லேயே இருக்கட்டும் என்று டிரைவ் மேல் மார்க்கரில் எழுதிவைத்தேன்.

ஜூன் 7, சனி

வைண்டிங் கடை அண்ணன் வந்தார். "டெல்டாவுல கட்டிட்டா 87 ஹெர்ட்ஸ் வரைக்கும் டார்க் குறையாதுங்க தம்பி" என்றார். சரிதான். ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் முறைகள். எங்கள் மோட்டார் ஸ்டார். ஸ்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். டெல்டாவில் 415-ஐ நேராகக் கொடுத்தால் 50 × 1.73, அதாவது 87 வரை வோல்டேஜ் கூடவே வரும். (அப்போது பேஸை 87 ஆக்குவதுதான் முறை. பையன் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.) ஆனால் கரண்ட்டும் 1.73 மடங்கு, பெரிய டிரைவ் வேண்டும். அதைவிட, டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் மூன்றே வயர். ஸ்டார் முடிச்சு உள்ளேயே போட்டிருக்கிறார்கள். வைண்டிங் நுனியைக் கிளறி ஆறு வயர் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

75-இல் பித்தளை அழகாக வருகிறது, பளபளப்பே வேறு. 40 மி.மீ. இரும்பைப் போட்டு, டிரைவைக் குறைக்க மறந்து 3 மி.மீ. ஆழம் கொடுத்தபோது டிரிப் ஆனது. அது எங்கள் தப்பு.

பிரச்சினை வேறு இடத்தில். மோட்டாரைத் தொட்டால் இளஞ்சூடு. 2880 ஓடும் மோட்டாரிலும் இதே மாதிரி பேரிங்தான், அது அசராது. ஆனால் லேத் ஸ்பிண்டில் ஓடுவது கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷில். முக்கால் மணி நேரத்தில் கை வைக்க முடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்பியும் அப்படியே.

ஜூன் 12, வியாழன்

பக்கத்துப் பட்டறைக்காரர், "என்ற கிரைண்டரையும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்று வந்தார். 2850 ஆர்பிஎம், 200 மி.மீ. கல். கல்லின் விளிம்பு வேகம் அதிகபட்சம் நொடிக்கு 33 மீட்டர் என்று லேபிளில் இருக்கிறது. இப்போதே 30-இல் ஓடுகிறது. 75 ஹெர்ட்ஸ் என்றால் 45. கல் சிதறினால் முகத்துக்கு நேரேதான் வரும். முடியாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 14, சனி

65 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டேன். ஸ்பிண்டில் 780. ஸ்பிண்டில் புஷ் சூடாகிறது, ஆனால் கை பொறுக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய். ஆர்டரில் இன்னும் 340 பித்தளை புஷ் பாக்கி.